மைனருக்கு இன்ஜெக்ஷன்: பழைய பெற்றோல் லைன் போதுமா?

பழைய மொரிஸ் மைனர் காரில் கார்புரேட்டரைக் கழற்றி த்ரொட்டில் பொடி இன்ஜெக்ஷன் (கார்புரேட்டர் இருந்த இடத்திலிருந்து பெற்றோலை அழுத்தத்தில் பீய்ச்சும் முறை) போடுகிறீர்கள், பழைய பெற்றோல் லைனும் காரில் இருக்கும் எஸ்யு பெற்றோல் பம்பும் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிவராது.

கார்புரேட்டருக்கு 3, 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இந்த வகை இன்ஜெக்ஷனுக்குப் பெரும்பாலும் 43 முதல் 58 வரை தேவை, எஸ்யு பம்பால் அதைத் தர முடியாது. எஸ்யு பம்ப் எஞ்சின் பக்கம் இருந்து உறிஞ்சுகிறது. இன்ஜெக்ஷனுக்கென்று போடும் புதிய பம்ப் தள்ளுவதில்தான் கெட்டிக்காரன். ஆகவே அதை டாங்கிக்குப் பக்கத்தில், முடிந்தளவு தாழ்வாகப் பூட்டுங்கள். கொழும்புக் காலி வீதியின் வாகன நெரிசலில், வெயிலில், உறிஞ்சும் லைன் நீளமாக இருந்தால் பெற்றோல் ஆவியாகி பம்ப் கத்தத் தொடங்கிவிடும். பம்புக்கு முன் 100 மைக்ரோன் ஃபில்டர், பின் 10 மைக்ரோன்.

ஹோஸ் விஷயத்தில் மட்டும் காசைப் பார்க்க வேண்டாம். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் "பெற்றோல் ஹோஸ்" என்று கேட்டால் எதையாவது வெட்டித் தருவார்கள். ஹோஸின் மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும், அதுதான் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கான தரக்குறி. ஆர்7 கார்புரேட்டருக்கானது. டாங்கிக்குள் மூழ்கும் துண்டுக்கு ஆர்9-உம் ஆகாது, ஆர்10 வேண்டும். சாதாரண திருகுக் கிளிப் ரப்பரை வெட்டும். உட்புறம் வழுவழுப்பான இன்ஜெக்ஷன் கிளிப் வாங்குங்கள். காருக்கு அடியில் ஓடும் நீளத்துக்கு செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் விரிசல் விழும். குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த) குழாய் நல்லது.

அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து, மிஞ்சும் பெற்றோல் டாங்கிக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் லைன் வேண்டும், எங்கும் நசுங்காமல். அப்புறம் மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும்.