கேள்வி-பதில்: அமிலத்துக்கு நடுவே ஒரு குடித்தனம்

நெஞ்செரிச்சல், வாயு, வெறும் வயிற்று வலி, குடற்புண் எல்லாவற்றையும் ‘கேஸ்ட்ரிக்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவது மலேசியத் தமிழர்களாகிய நம் வழக்கம். இம்முறை வந்த கேள்விகளில் பல, அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைப் பற்றியவை என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எலுமிச்சைச் சாற்றைப் போலப் புளித்த இரைப்பை அமிலத்தில் கிருமிகள் செத்துவிடும் என்று பள்ளியில் படித்தோம். இது மட்டும் எப்படிப் பிழைக்கிறது?
– ஜெலுத்தோங் வாசகர், பினாங்கு

நீங்கள் படித்தது தவறன்று. இந்தக் கிருமியும் அமிலத்தை விரும்புவதில்லை. இரைப்பையின் நடுவே உணவோடு கிடக்க நேர்ந்தால் அதனால் நெடுநேரம் நீந்த முடியாது. அமிலத்திலிருந்து தப்பி ஓடுவதும், ஓடி முடியும்வரை உயிரைப் பிடித்துக்கொள்வதும்தான் அதன் திறமை.

நம் இரத்தத்திலிருந்து இரைப்பைக்குள் சிறிதளவு யூரியா எப்போதும் கசிந்துகொண்டிருக்கிறது. கிருமியின் உட்சவ்வில் யூரிஐ என்னும் புரதத்தாலான நுண்ணிய வாய்க்கால்கள் உண்டு. வெளியே அமிலம் ஏறும்போது அவை திறந்து யூரியாவை உள்ளே விட, நிக்கல் அணுக்களைத் தன் மையத்தில் தாங்கிய யூரியேஸ் என்னும் நொதி அதை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது; அந்த அம்மோனியா அமிலத்தை முறிக்கிறது. கிருமியின் மொத்தப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இந்த ஒரு நொதியாகவே இருக்கக்கூடும். அமிலம் தணிந்ததும் வாய்க்கால்கள் மூடிக்கொள்கின்றன. மூடாவிட்டால் அம்மோனியா மிஞ்சிப்போய்க் கிருமி தன் காரத்திலேயே மடிந்துவிடும். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது, திறப்பதைவிட மூடுவதுதான்.

அடுத்தது வழி. இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம், அமிலம் பட்டால் அகார்-அகார் போல இறுகிவிடும். அம்மோனியா பட்ட இடம் மட்டும் இளகிக் கூழாக, சுருள் உடல் கொண்ட கிருமி வால் போன்ற நாலைந்து கசையிழைகளைச் சுழற்றிக்கொண்டு அதன் வழியே சுவரை நோக்கி நீந்துகிறது. சுவரையொட்டிய அடிப்படலத்தில் அமிலம் மிகக் குறைவு. அங்கு சேர்ந்தவற்றுள் சில, பாப்-ஏ என்ற புரதத்தால் செல்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்கின்றன.

மூச்சுப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் ஒமெப்ரசோல் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். வலியோடு ஏன் காத்திருக்க வேண்டும்?
– செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

நீங்கள் குடிக்கும் கரைசலில் கார்பன்-13 சேர்ந்த யூரியா இருக்கும். அது கதிரியக்கம் அற்றது. கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவை உடைக்க, வெளிவரும் கரியமில வாயு இரத்தத்தில் கலந்து நீங்கள் ஊதும் மூச்சில் வந்துவிடும். ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைத்தால் கிருமிகளின் எண்ணிக்கையும் குறையும், மேலே சொன்ன வாய்க்கால்களும் மூடிக்கொள்ளும். கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். நுண்ணுயிர்க்கொல்லி என்றால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். இடையில் வலி தாங்க முடியாவிட்டால் வேறு மருந்து கேளுங்கள்; நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

எண்டோஸ்கோப்பியில் இதே வேதியியலைக் கண்ணாலேயே பார்க்கலாம். அரிசி மணியைவிடச் சிறிய திசுத் துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் புதைத்தால், கிருமி மிகுந்த துணுக்கைச் சுற்றி முதலில் ஒரு வளையம் இளஞ்சிவப்பாகும். சற்று நேரத்தில் ஜெல் முழுவதும் சிவந்துவிடும்.

சம்பாலும் நாசி கண்டார் குழம்பும்தானே புண்ணுக்குக் காரணம்?
– பட்டர்வொர்த் வாசகர்

இல்லை. காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் புண்ணுக்குப் பெரும் காரணங்கள் இந்தக் கிருமியும், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளும்தான். 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் இக்கிருமியை வளர்த்த கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இக்கிருமியைக் கண்டறிந்ததற்காக 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். சம்பாலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம்.

எங்கள் குடும்பத்தில் நால்வருக்கு இந்தக் கிருமி இருக்கிறது. புண் வந்தது ஒருவருக்கு மட்டும். ஏன்? புற்றுநோய் வருமா?
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி

தொற்றியவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் எதையும் உணர்வதில்லை. வேறுபாடு ஓரளவு கிருமியின் இரகத்தைப் பொறுத்தது. சில இரகங்களிடம் ஊசி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் வழியே கேக்-ஏ என்ற புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்துகின்றன. உள்ளே நம் செல்லின் நொதிகளே அதற்குப் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. அந்த வடிவில் அது எஸ்எச்பி-2 என்ற நொதியைப் பிடித்துத் தூண்ட, செல்லின் வளர்ச்சிக் கட்டளைகள் குழம்பி, செல் ஹம்மிங் பறவையின் அலகு போல நீள்கிறது. வேக்-ஏ என்ற மற்றொரு புரதம் செல்லுக்குள் வெற்றுக் குமிழ்களை உண்டாக்குகிறது.

அழற்சி எங்கே மிகுதி என்பதும் முக்கியம். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் என்றால் அமிலம் கூடி முன்சிறுகுடலில் புண் வரும். மேற்பகுதியில் பரவினால் அமிலச் சுரப்பிகள் தேய்ந்துபோகும், புற்றுநோய்க்கான அபாயம் கூடுவது இவ்வழியில்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இக்கிருமியை உறுதியான புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. நம் நாட்டில் மலாய்க்காரர்களைவிடச் சீனர்களிடமும் இந்தியர்களிடமும் தொற்று அதிகம். ஆனால் தொற்றின் அளவுக்கு இந்தியர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் காணப்படுவதில்லை. சீனர்களிடம் மிகுந்திருக்கும் கிழக்காசிய இரகக் கேக்-ஏ, எஸ்எச்பி-2வை இன்னும் இறுக்கமாகப் பிடிப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஒரு காரணம் என்றுதான் சொல்கிறேன். உணவையும் பரம்பரையையும் ஒதுக்கிவிட முடியாது. நேர் உறவில் எவருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

14 நாள் மருந்து சாப்பிட்டும் கிருமி போகவில்லை. அமில மாத்திரையை எதற்குக் கூடவே கொடுக்கிறார்கள்?
– பிறை வாசகர்

உங்களுக்குத் தரும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் ஒன்றான அமோக்சிசிலின், பிளவுபட்டுப் பெருகும் கிருமியின் சுவர் கட்டும் வேலையைத்தான் குலைக்கும். அமிலத்துக்கு அஞ்சிப் பெருகாமல் முடங்கிக் கிடப்பதை அது கொல்வதில்லை. அமிலம் குறைந்தால் கிருமி துணிந்து பெருகத் தொடங்கும், அப்போது மருந்துக்கு அகப்படும். எனவே அமிலத்தைக் குறைக்கும் அந்த மாத்திரையை வலி போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

கிளாரித்ரோமைசின் என்ற மற்றொரு நுண்ணுயிர்க்கொல்லிக்கு எதிர்ப்புத் திறன் வருவதற்கு, கிருமியின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் ஆர்என்ஏவில் ஓர் எழுத்து மாறினாலே போதும். மெட்ரோனிடசோல் என்ற மருந்தின் கதை வேறு: அதை நஞ்சாக மாற்றுவது கிருமியின் சொந்த நொதியே என்பதால், அந்த நொதியைப் பழுதாக்கிக்கொண்ட கிருமி தப்பிவிடும். முதல் முறை தப்பிய கிருமிக்கு எதிர்ப்புத் திறன் இருக்கக்கூடும் என்பதால் இரண்டாம் முறை முந்தைய கிளாரித்ரோமைசினையே திரும்பக் கொடுப்பதில் பயனில்லை; பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு பற்றிக் கேளுங்கள். முன்பு சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும், பல்வலிக்கு வாங்கியது உட்பட, எடுத்துச் செல்லுங்கள். முடித்து நான்கு வாரமாவது கழிந்தபின் மறுபடியும் மூச்சுப் பரிசோதனை.