ஒரே ஸ்டாண்டில் இருவர்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியர். எங்கள் ஊரில் இரண்டு தெருக்களுக்கு நடுவே பழைய பகை. இரு பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு நாடகம் போடலாம் என்றேன். சக ஆசிரியர் ஒருவர், "இஸ்ரேல்காரர்களும் அரபுக்காரர்களும் 25 வருஷமாக ஒரே இசைக்குழுவில் சேர்ந்து வாசிக்கிறார்களே, சண்டை நின்றதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கலையால் இதெல்லாம் ஆகுமா?

ச. கு.

அன்புள்ள ச. கு.,

அவர் சொன்னது வெஸ்ட் ஈஸ்டர்ன் திவான் இசைக்குழுவை. பியானோ கலைஞர் டேனியல் பாரன்பாய்மும் பாலஸ்தீனச் சிந்தனையாளர் எட்வர்ட் சயீதும் 1999இல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கியது. சண்டை நிற்கவில்லைதான். ஆனால் நிறுத்துவோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. இது சமாதான முயற்சி அல்ல, அறியாமைக்கு எதிரான வேலை என்றுதான் பாரன்பாய்ம் சொல்லிவந்தார்.

அந்த முதல் வருஷத்தைப் பாருங்கள். பகலில் ஒத்திகை, இரவில் சயீத் நடத்தும் பேச்சு. ஒரு நாள் இஸ்ரேலிலிருந்து வந்த பையன் ஒரு குறையைச் சொன்னான். இரவில் சிலர் கூடி அரபு இசை வாசிக்கிறார்கள், நீ அரபி இல்லை, உனக்கு வராது என்று என்னைச் சேர்க்க மறுக்கிறார்கள் என்றான். பெரிய வாக்குவாதம் ஆனது. அப்படியானால் நீ மட்டும் பேத்தோவன் இசையை வாசிக்கலாமா, நீ ஜெர்மானியனா என்று மறுத்தவனிடம் எதிர்க்கேள்வி வந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், அரபிக்குத்தான் அரபு இசை வரும் என்று சாதித்த அதே பையன், அங்கே வந்திருந்த செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) மேதை யோ யோ மாவுக்கு அரபு இசைக்குச் சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். சயீத் பின்னாளில் சொன்னது இது.

அவன் மனத்தை மாற்றியது பேச்சு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இத்தகைய குழுவில் வயலின் போன்ற வாத்தியம் வாசிப்பவர்களில் இரண்டு பேருக்கு ஒரு நோட்ஸ் ஸ்டாண்டு, அதாவது இசைக்குறிப்புத் தாள் வைக்கும் தாங்கி. சிரியாக்காரரும் இஸ்ரேல்காரரும் அருகருகே உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தை, ஒரே அளவு சத்தத்தில், வில்லை ஒரே மாதிரி இழுத்து வாசிக்க வேண்டும். ஒருவர் பக்கம் திருப்பும்போது மற்றவர் விடாமல் வாசிப்பார். பக்கத்து ஆளைக் கேட்காமல் இது நடக்கவே நடக்காது. பகலெல்லாம் அப்படிக் கேட்டுப் பழகியவர்கள் ராத்திரி எவ்வளவு கோபமாகப் பேசினாலும் எழுந்து போய்விடுவதில்லை.

சரி, அறைக்கு வெளியே? 2005இல் பாலஸ்தீன நகரமான ரமல்லாவில் வாசிக்கப் போனபோது, எல்லை கடக்க ஸ்பெயின் அரசு எல்லோருக்கும் ராஜதந்திர பாஸ்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. வாசிக்கும்போது சமம், வாசலைத் தாண்டினால் ஒருவருக்கு மட்டும் சோதனைச் சாவடி. இந்தக் குழு அந்த அநீதியை மறைக்கிறது என்று பாலஸ்தீனர்கள் பலர் கண்டித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. உங்கள் நாடகமும் ஊர் டீக்கடையில் நடப்பதை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

அதனால் ஒற்றுமையைப் பற்றிய நாடகம் வேண்டாம். நல்ல கதை ஒன்றை எடுங்கள். இலங்கையில் பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய மக்கள் களரி நாடகக் குழுவில் சிங்கள நடிகர்கள் தமிழிலும் தமிழ் நடிகர்கள் சிங்களத்திலும் நடித்தார்கள். அடுத்தவர் மொழி வசனத்தை மனப்பாடம் பண்ணி, உச்சரிப்புக்கு அடுத்தவரிடமே போய் நிற்க வேண்டும். உங்களுக்கும் இதுதான் வழி. அந்தத் தெருப் பையன் பறை அடிக்கட்டும், இந்தத் தெருப் பையன் ராஜா வேஷம் கட்டட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அது ஊரில் ஏற்கெனவே நடக்கிற நாடகம். பறை அடிக்கத் தெரிந்தவன் வாத்தியாராக இருக்கட்டும், தெரியாதவன் அவனிடம் கற்றுக்கொள்ளட்டும்.

அப்புறம், ஒத்திகை முடிந்ததும் பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எல்லோரையும் உட்காரவைத்து டீ கொடுங்கள். சண்டை வரும், வரட்டும். நீங்கள் கூடவே இருங்கள். பெற்றோர் யாராவது ஆட்சேபித்தால் வேஷத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

கதை முடிவானதும் எழுதுங்கள். யார் எந்த வேஷம் என்பதையும் சேர்த்து.