தாத்தாவின் குமரிக்கண்டமும் பேத்தியின் ஆப்பிரிக்காவும்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வயது 71. மனித இனம் தோன்றியது குமரிக்கண்டத்தில்தான் என்று முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, “எல்லாரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவங்கதான் தாத்தா, நீங்க சொல்றது கட்டுக்கதை” என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டாள். கோபத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். பத்து நாளாகப் பேச்சில்லை. நான் பிள்ளைகளுக்குப் பொய்யா சொல்லிக்கொடுத்தேன்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா விஷயத்தில் பேத்தி சொன்னதுதான் சரி. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் அங்கேதான் கிடைத்திருக்கின்றன. மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் எடுத்தவற்றுக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு. மரபணுவும் அந்தப் பக்கமே கை காட்டுகிறது.

ஆனால் ‘கட்டுக்கதை’ என்ற சொல்லில் அவள் அவசரப்பட்டுவிட்டாள். குமரிக்கண்டத்துக்கு நாம் சொல்லும் இன்னொரு பெயரான லெமூரியா, தமிழ்ப் புலவர் யாரும் கற்பனை செய்தது இல்லை. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் வைத்த பெயர் அது. லெமூர்கள் மடகாஸ்கரில் வாழ்கின்றன. அவற்றுக்கு உறவான தேவாங்கு நம் திண்டுக்கல் பக்கம் மரமேறுகிறது. நடுவிலே கடல். அப்படியானால் இடையில் இருந்த நிலம் மூழ்கியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். கண்டங்கள் நகர்கின்றன என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்ள இன்னும் நூறு வருடம் இருந்தது. அன்றைக்கு அது கௌரவமான ஊகம்தான். அப்புறம் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல், மனிதன் பிறந்ததே அங்கேதான் என்று வரைபடமே போட்டுவிட்டார்.

அந்த வரைபடத்தை நம்மவர்கள், கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்லும் பஃறுளியாற்றோடும் குமரிக்கோட்டோடும் சேர்த்துப் படித்தார்கள். அதிகாரம் ஆங்கிலத்திடம், பெருமை சமஸ்கிருதத்திடம் என்றிருந்த காலத்தில் அது எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்! ஆனால் சிலப்பதிகாரத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் நீங்கள். கடலிடம் நிலத்தை இழந்த பாண்டியனைத்தான் அந்த வரிகள் பாடுகின்றன. மனிதகுலம் அங்கே பிறந்தது என்று இளங்கோ சொல்லவில்லை. அது ஹெக்கல் சரக்கு.

பேத்திக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன், வாசித்துக் காட்டுங்கள். மனிதனின் பூர்வீகம் ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்று டார்வின் 1871லேயே எழுதிவிட்டார். பலருக்கு அது ருசிக்கவில்லை. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் ஒரு மண்டையோடு கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. பெரிய மூளை, குரங்குத் தாடை, அதுவும் இங்கிலாந்துக்காரன்! கொண்டாடித் தீர்த்தார்கள். 1925இல் ரேமண்ட் டார்ட் என்பவர், தென்னாப்பிரிக்காவின் தாங் என்ற இடத்தில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோட்டைக் காட்டி, இது நம் முன்னோர் கிளை என்றார். குரங்குக் குட்டி என்று பெரிய மனிதர்கள் ஒதுக்கினார்கள். கடைசியில் டார்ட் சொன்னதே நின்றது. பில்ட்டவுன் மண்டையோடு, மனித ஓட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்துச் சாயமேற்றிய மோசடி என்று 1953இல் அம்பலமானது. நாற்பது வருடம் ஏமாந்தவர்கள் எல்லாம் மெத்தப் படித்தவர்கள். சொந்த மண்ணின் பெருமை உங்களுக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை, ஐயா.

ஆகவே நீங்கள் சொன்னது பொய்யில்லை, நம்பியதைச் சொன்னீர்கள். இனியும் அதையே சொன்னால் என்னால் உங்கள் பக்கம் நிற்க முடியாது.

சரி, வீட்டுக்கு வருவோம். சாப்பாட்டில் பாதியில் எழுந்ததற்கு மட்டும் வருத்தம் சொல்லிவிடுங்கள். பேசிய தொனிக்கு அவள் சொல்லிக்கொள்ளட்டும். பிறகு, முடிந்தால், இருவருமாக நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து எழும்பூர் வாருங்கள். 1863இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் சேர்த்துவைத்த பழங்கற்கள் அங்குள்ள அரசு அருங்காட்சியகத்துக்குத்தான் வந்தன. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. நம் இனமே உருவாகாத காலம். அப்படியானால் அவற்றைச் செதுக்கியது யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ரயிலில் பேத்தியைக் கேளுங்கள். அவளும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வியாழன் இரவு மட்டும் வண்டி ஏறிவிடாதீர்கள்.