அரசாங்கப் பணம் வாங்குபவர் தொழிலாளிக்கு வாய்ப்பூட்டுப் போடலாமா?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மிகைநேர வேலையைப் பற்றி முகநூலில் எழுதியதற்காக என் சக ஊழியருக்கு நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறது. இந்நிறுவனம் அரசாங்கத்தின் வரிச் சலுகையைப் பெறுகிறது. மக்கள் பணத்தால் பயனடையும் நிறுவனம் தொழிலாளர்களின் பேச்சுரிமையை மதிக்க வேண்டும் என்று அரசாங்கம் நிபந்தனை விதிக்கக் கூடாதா?
— வாசகர், பினாங்கு

பதில்: விதிக்கலாம். ஆனால் அந்த நிபந்தனையை யார் எழுதுகிறார், எப்படி எழுதுகிறார் என்பதைப் பொறுத்தே அது தொழிலாளியைக் காக்குமா, கெடுக்குமா என்பது அமையும்.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை அளிக்கிறது என்பது உண்மையே. எனினும் அந்த உரிமையை முதலாளிக்கு எதிராக நேரடியாக நிலைநாட்ட முடியாது. கர்ப்பமுற்றதால் வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண் மலேசிய விமான நிறுவனத்திற்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அரசியலமைப்பு தரும் உரிமைகள் நாடாளுமன்றமும் அரசு நிர்வாகமும் இழைக்கும் மீறல்களுக்கு எதிரானவை, தனியாருக்கு இடையிலான ஒப்பந்தத்தை அவை கட்டுப்படுத்தா என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் கூறிவிட்டது. வரிச் சலுகை பெறுவதனால் மட்டும் ஒரு நிறுவனம் அரசாங்கத்தின் அங்கமாகிவிடாது. ஆகவே அரசியலமைப்பு எட்டாத இடத்தை நிபந்தனையின் வழியாக எட்டலாம் என்ற உங்கள் யோசனை பொருத்தமானதே.

பணத்தோடு நிபந்தனை வருவது நமக்குப் புதிதன்று. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பெர்கேசோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வழியாக வழங்கப்பட்ட சம்பள உதவித் திட்டத்தில், 75 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு தொழிலாளிக்கு மாதம் 1,200 ரிங்கிட் கிடைத்தது. அதைப் பெற்றவர்கள் உதவி கிடைக்கும் மூன்று மாதங்களிலும் அதற்கடுத்த மூன்று மாதங்களிலும் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்பது கட்டளை. தொழிலாளியின் வேலையைக் காக்க நிபந்தனை போட்ட அரசாங்கம், வேலை நேரத்துக்கு வெளியே அவர் எழுதுவதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றும் எழுத முடியாதா என்ன?

எனக்குள்ள அச்சம் வேறு. பணப்பையைக் கையில் வைத்திருப்பவர், நிபந்தனை என்ற பெயரில், பெறுபவரின் வாயையே தன் வாயாக்கிக்கொள்ளக் கூடும். அமெரிக்காவில் எய்ட்ஸ் ஒழிப்புக்கு நிதி பெறும் அமைப்புகள் பாலியல் தொழிலுக்கு எதிரான கொள்கையை வெளிப்படையாக ஏற்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் அதைச் செல்லாது என்றது. அதே நீதிமன்றம், அரசு நிதியில் நடக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குள் கருக்கலைப்பைப் பரிந்துரைக்கக் கூடாது என்ற விதியை 1991இல் ஏற்றது. திட்டத்துக்குள் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று சொல்லலாம். திட்டத்துக்கு வெளியே பெறுபவர் என்ன நம்ப வேண்டும் என்று சொல்லலாகாது என்பதே அவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள கோடு. அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா என்றாலும் அந்தக் கோடு நமக்கும் உதவும். நீங்கள் கேட்பது நிறுவனத்தைப் பேச வைக்கும் நிபந்தனை அன்று, தண்டிக்காமல் இருக்கச் சொல்லும் நிபந்தனை. ஆகையால் அது கோட்டுக்கு இப்பாலேயே நிற்கிறது.

ஆனால் தேச நிந்தனைச் சட்டம் 1948ஐயும், இணையத்தில் எழுதுவதற்காகத் தண்டிக்க இடந்தரும் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998இன் 233ஆம் பிரிவையும் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கும் அரசாங்கத்தையே தொழிற்சாலையில் பேச்சுரிமைக்குக் காவல் வைக்கிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம். அமைச்சின் சுற்றறிக்கையாக இது வந்தால், இன்று தொழிலாளியைத் தண்டிக்காதே என்று எழுதும் பேனா, நாளை குறை கூறும் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்காதே என்றும் எழுதும். எனவே இது நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தில், தொழில் இரகசியத்தை வெளியிடுவதும் சக ஊழியரை மிரட்டுவதும் இதில் அடங்கா என்ற தெளிவோடு இருக்க வேண்டும். மீறல் நடந்ததா என்பதைப் பணம் கொடுத்த துறை முடிவு செய்யாமல், தொழில் நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும். சலுகை முழுவதையும் பறித்தால் ஆலை மூடப்பட்டு, காக்க நினைத்தவர்களே தெருவுக்கு வருவார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதே போதும்.

உங்கள் சக ஊழியர் அந்தக் கடிதத்துக்கு எழுத்து மூலம் பதில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளட்டும். எச்சரிக்கைக் கடிதம் வேலைநீக்கம் ஆகாது. நீக்கப்பட்டால், தொழில் உறவுச் சட்டம் 1967இன் 20ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் முறையிட வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிடக் கூடாது. அவர் எழுதியது தொழிற்சங்க நடவடிக்கையாக இருந்தால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின் பாதுகாப்பையும் கோரலாம்.

கேள்வி: நான் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசாங்க அமைப்பான தெக்குனிடம் கடன் வாங்கிச் சிறிய உணவுக்கடை நடத்துகிறேன். இப்படியொரு நிபந்தனை வந்தால், என் கடையைப் பற்றிக் கண்டபடி எழுதும் பணியாளையும் நான் வைத்திருக்க வேண்டுமா?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டியதில்லை, அம்மா. கடன் என்பது நீங்கள் திருப்பிச் செலுத்தும் பணம். அதை மானியத்தோடும் வரி விலக்கோடும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. மேலே சொன்ன சம்பள உதவித் திட்டமே 75 பேர், 200 பேர் என்று நிறுவனங்களை அளவு பார்த்துப் பிரித்தது. இச்சட்டமும் மூன்று நான்கு பேர் வேலை செய்யும் கடைகளை விட்டுவிடலாம். பணியாள் பொய் எழுதினால், அவதூறுச் சட்டம் 1957 உங்களுக்கு இன்றும் இருக்கிறது. அவர் எழுதியது சமையலறையின் உண்மை நிலை என்றால், அந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது.