சொதிப் பந்தியில் தப்பித்த சித்தப்பா

கேள்வி: போன மாதம் எங்கள் வீட்டில் கல்யாணம். மறுவீட்டுச் சொதி சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு மறுநாள் ராத்திரி வாந்தி, பேதி. இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிட்டது. ஆனால் அதே பந்தியில் மூன்று தடவை சொதி வாங்கிச் சாப்பிட்ட சித்தப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. "தாமிரவருணித் தண்ணி குடிச்சு வளந்த உடம்புலா" என்று மீசையை முறுக்குகிறார். நாங்கள் மட்டும் வேறு தண்ணியா குடித்தோம்?
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: மலத்தைப் பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் 12லிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, வீடே பாத்ரூம் வாசலில் வரிசையில் நின்று, இரண்டு மூன்று நாளில் ஓய்ந்துவிட்டது என்றால் எனக்கு முதலில் நோரோ வைரஸ் மேல்தான் சந்தேகம். பாவம், சொதியைத் திட்டாதீர்கள், அது கொதித்து இறங்கியது. ஆறின பிறகு கை பட்ட இஞ்சிப் பச்சடி, குடிதண்ணீர், இலை துடைத்த துணி, இதையெல்லாம் யோசியுங்கள். இந்த வைரஸில் 18 துகள் உள்ளே போனாலே போதும் என்று ஒரு கணக்கு உண்டு.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். அவர் கைக்கு வைரஸே வராமல் போயிருக்கலாம், அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். இன்னொரு சாத்தியம்தான் சுவாரசியமானது. நம் குடலின் உள்சுவரில் ரத்த வகையோடு சம்பந்தப்பட்ட சில சர்க்கரைகள் ஒட்டியிருக்கும். நோரோ வைரஸ் உள்ளே நுழைய அவற்றைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சர்க்கரையைக் குடலிலும் எச்சிலிலும் கட்டித் தருவது எஃப்.யூ.டி.2 என்கிற மரபணு. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளுமே வேலை செய்யாதவர்களுக்கு அந்தச் சர்க்கரை இல்லை, வைரஸுக்குப் பிடிமானமும் இல்லை. ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவர் இப்படி. தன்னார்வலர்களுக்கு வைரஸைக் குடிக்கக் கொடுத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள், இந்த வகை ஆட்களுக்குத் தொற்றவில்லை. ஆக, சித்தப்பா உடம்பில் பலம் கூடுதலாக இல்லை, ஒரு சர்க்கரை குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எல்லா நோரோவும் அந்தச் சர்க்கரையை நம்பி இல்லை, அது இல்லாதவர்களையும் படுக்கவைத்த வகைகள் உண்டு. அடுத்த கல்யாணத்திலும் மீசையை முறுக்கலாம் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கேள்வி: ஒரு தடவை வந்துவிட்டால் அம்மை மாதிரி மறுபடி வராதா?
– பேட்டை வாசகர்

பதில்: வரும். கிடைக்கிற எதிர்ப்பு சில மாதமோ சில வருஷமோதான், அதுவும் பெரும்பாலும் அதே வகைக்கு மட்டும். 1990களின் நடுவிலிருந்து உலகத்தை அதிகம் ஆட்டிவைத்தது ஜி.2.4 என்கிற வகை. ஊரில் பாதிப் பேருக்கு எதிர்ப்பு வந்ததும் அது மேல்சட்டையை மாற்றிக்கொண்டு வரும், அதாவது நம் எதிர்ப்புப் புரதங்கள் அடையாளம் பார்க்கிற வெளிப்புறப் பகுதி மாறிவிடும். இப்படி 2002இல் ஃபார்மிங்டன் ஹில்ஸ், 2009இல் நியூ ஆர்லியன்ஸ், 2012இல் சிட்னி என்று ஊர்ப் பெயர்களிலேயே உருமாற்றங்கள். அப்புறம் 2014 குளிர்காலத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் ஜி.2.17 என்று வேறொரு பங்காளி முன்னால் வந்தான்.

கேள்வி: இது ஆரியங்காவு தாண்டி வந்த கேரளத்து வைரஸ்தானே?
– செங்கோட்டை வாசகர்

பதில்: 2021இல் வயநாட்டில் கண்டுபிடித்தது செய்தியானதால் அந்தப் பெயர். வைரஸின் சொந்த ஊர்ப் பெயர் அமெரிக்காவின் நார்வாக். 1968இல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பரவியது, 1972இல் ஆல்பர்ட் கபிகியான் என்ற விஞ்ஞானி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார். நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே பிறந்த நாளிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து இந்த வைரஸை ஆராய்ந்திருக்கிறார்கள். மலைமேல் பழி வேண்டாம்.

கேள்வி: நான் கல்யாணச் சமையல் தவசிப்பிள்ளை. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் சானிடைசர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போதாதா?
– கல்லிடைக்குறிச்சி

பதில்: போதாது அண்ணாச்சி. கொரோனா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். நோரோவுக்கு அந்த உறையே கிடையாது, சானிடைசருக்கு அவ்வளவாக அசையாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வழி, கழுவி விடுவதுதான் வேலை. யாராவது வாந்தி எடுத்த இடத்தை ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று மறுநாளே ஆளை அடுப்படிக்குக் கூப்பிடாதீர்கள். நின்ற பிறகும் 48 மணி நேரம் அவர் வீட்டில் இருக்கட்டும், கூலி பிடிக்காமல். பிடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து தேங்காய் துருவுவார். அதற்கப்புறமும் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும், அதனால் கை கழுவுவதில் கறாராக இருங்கள்.

கேள்வி: தடுப்பூசி?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: மருத்துவமனையில் போய்ப் போட்டுக்கொள்கிற மாதிரி இன்னும் வரவில்லை, சோதனைகள் நடக்கின்றன. இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்க்கவே பல பத்தாண்டுகள் முடியாமல் இருந்தது. 2016இல்தான் ஹூஸ்டனில் மேரி எஸ்டெஸ் குழுவினர், மனிதக் குடலின் மூல உயிரணுக்களிலிருந்து குட்டிக் குடல் மாதிரி ஒன்றை வளர்த்து அதில் பெருக வைத்தார்கள், சில வகைகளுக்குப் பித்தநீரும் சேர்க்க வேண்டியிருந்தது. எஃப்.யூ.டி.2 வேலை செய்யாதவர்களின் குடலில் ஜி.2.4 பெருகவில்லை என்று அங்கேயும் தெரிந்தது. வீரவநல்லூர் சித்தப்பா ஒரு கிள்ளு குடல் கொடுத்தால் தாமிரவருணித் தண்ணியா மரபணுவா என்று பார்த்துவிடலாம், தருவாரா என்று வாசகிதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.