திரைக்கு அப்பால் இருந்த அறை: கேள்வி பதில்

கேள்வி: யூதர்களின் எருசலேம் ஆலயத்தில் பரிசுத்த ஸ்தலம், மகா பரிசுத்த ஸ்தலம் என்று இரண்டு சொல்லப்படுகின்றனவே, வேறுபாடு என்ன?

பதில்: குத்துவிளக்கும் இறைவன்முன் அப்பம் வைக்கும் சமுகத்தப்ப மேஜையும் தூபபீடமும் இருந்த முன்னறை பரிசுத்த ஸ்தலம், ஆசாரியர்கள் அங்கே நாள்தோறும் பணிவிடை செய்தார்கள். அதற்கு அப்பால் இருந்ததே மகா பரிசுத்த ஸ்தலம். எபிரேயத்தில் அதன் பெயர் 'கோதேஷ் ஹக்கோதாஷீம்', அதாவது பரிசுத்தங்களின் பரிசுத்தம். சாலொமோன் கட்டிய ஆலயத்தில் அதன் நீளம், அகலம், உயரம் மூன்றுமே 20 முழம்.

கேள்வி: அங்கே வைக்கப்பட்டிருந்த, பத்துக் கட்டளைக் கற்பலகைகள் அடங்கிய உடன்படிக்கைப் பெட்டி இல்லாமற்போன பிறகு அந்த அறைக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

பதில்: இந்தப் பொருளின் உயிர்நாடியே இக்கேள்விதான். கி.மு. 586-இல் பாபிலோனியர் ஆலயத்தை இடித்தபின், கி.மு. 516 அளவில் எழுந்த இரண்டாம் ஆலயத்தில் பெட்டி வைக்கப்படவில்லை. தரையிலிருந்து மூன்று விரற்கடை உயர்ந்து நின்ற ஒரு கல் மட்டுமே அங்கே இருந்தது என்றும், 'ஷெத்தியா' எனப்பட்ட அக்கல்லின்மேல்தான் பிரதான ஆசாரியர் தூபகலசத்தை வைத்தார் என்றும் யூதச் சட்ட மரபுகளின் தொகுப்பான மிஷ்னா கூறுகிறது. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பேயு உள்ளே நுழைந்தபோது அங்கே தெய்வ உருவம் எதுவும் இல்லை என்பதை வரலாற்றாசிரியர் தாசித்து குறித்துவைத்திருக்கிறார். பெட்டி போன பின்னும் நெறிகளில் எதுவும் தளரவில்லை. ஆகவே அறையின் பரிசுத்தம் உள்ளிருந்த பொருளைச் சார்ந்தது அன்று. இறைவனின் சந்நிதி என்று அதை ஒதுக்கி வைத்து, உருவம் எதையும் அங்கே நிறுத்தாமல், நுழைவைப் பிரதான ஆசாரியர் ஒருவருக்கு, ஆண்டில் ஒரே நாளுக்கு என வரையறுத்த ஒழுங்கைச் சார்ந்தது என்பதே என் கருத்து.

கேள்வி: அந்த ஒரு நாளில் உள்ளே என்ன நடந்தது?

பதில்: யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 10-ஆம் நாளான பாவநிவாரண நாளில், பொன் அலங்கார உடைகளைக் களைந்து எளிய வெண்ணிறச் சணல்நூல் உடை தரித்துப் பிரதான ஆசாரியர் நுழைந்தார். மிஷ்னா காட்டும் காட்சி நுட்பமானது: ஒரு முழ இடைவெளியில் இரண்டு திரைகள் தொங்கின, வெளித்திரை தெற்கிலும் உள்திரை வடக்கிலும் சற்றே மடித்து மாட்டப்பட்டிருக்க, அவர் இரண்டுக்கும் நடுவே தெற்கிலிருந்து வடக்காக நடந்து உள்ளே திரும்பினார். தணலின்மேல் தூபவர்க்கத்தைக் குவித்ததும் அறை முழுவதும் புகை நிறைந்தது. வெளியே வந்து முன்னறையில் அவர் செய்த ஜெபம் குறுகியதாகவே இருந்தது. நேரம் நீண்டால் அவருக்கு என்ன ஆயிற்றோ என்று மக்கள் அஞ்சுவார்கள். பிறகு காளையின் இரத்தத்தையும் வெள்ளாட்டின் இரத்தத்தையும் தனித்தனியே கொண்டுபோய், மேல்நோக்கி ஒருமுறையும் கீழ்நோக்கி ஏழுமுறையும், 'ஒன்று, ஒன்றும் ஒன்றும், ஒன்றும் இரண்டும்' என்று எண்ணியபடி தெளித்தார்.

கேள்வி: உள்ளே அவர் இறந்துவிட்டால் இழுத்தெடுப்பதற்காகக் காலில் கயிறு கட்டினார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். உண்மையா?

பதில்: வேதாகமத்தின் லேவியராகமத்திலோ மிஷ்னாவிலோ அப்படி ஒரு சொல்லும் இல்லை. அது இடைக்கால நூல்களில் தலைகாட்டும் செய்தி. அங்கியின் மணியோசை நின்றால் கயிற்றை இழுப்பார்கள் என்று சேர்த்துச் சொல்வதும் பொருந்தாது; மணிகள் தொங்கிய அந்த அங்கியை அணிந்து அவர் அந்த அறைக்குள் போகவில்லை.

கேள்வி: கி.பி. 70-இல் ஆலயம் அழிந்தபின் யூதர்கள் அந்த அறையை மறந்துவிட்டார்களா?

பதில்: இல்லை. ஜெபிப்பவர் திசை திரும்ப இயலாவிட்டால் இருதயத்தையாவது மகா பரிசுத்த ஸ்தலத்தை நோக்கித் திருப்பட்டும் என்று மிஷ்னா சொல்கிறது. ஜெப ஆலயங்களில் தோரா எனும் வேதச் சுருள்கள் வைக்கும் பேழைக்கு முன் தொங்கும் திரையும், பழைய திரையின் பெயரான 'பரோகேத்' என்றே வழங்குகிறது. பக்தியுள்ள யூதர் பலர் இன்றும் ஆலய மலையின்மேல் ஏறுவதில்லை. அந்த அறை நின்ற இடத்தில் அறியாமல் கால் பட்டுவிடக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணங்களுள் ஒன்று.