சைடிங்கில் கரும்புள்ளியா? சுவரை விடுங்கள், தரையைப் பாருங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் வெள்ளை வினைல் சைடிங், அதாவது வெளிச்சுவர் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் பலகை, போட்ட வீடு எங்களுடையது. முன்பக்கச் சுவர் முழுக்கக் குண்டூசித் தலை அளவில், தார் தெறித்தது போலக் கரும்புள்ளிகள். பிளீச், பிரஷர் வாஷ் எதற்கும் அசையவில்லை. வாஷ் பண்ண வந்தவர் பூஞ்சைக்கொல்லி அடிக்க வருடாந்திர ஒப்பந்தம் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தப் பூஞ்சை உங்கள் சுவரில் வளரவே இல்லை, அப்புறம் சுவருக்கு மருந்தடித்து என்ன பயன்? சுவரோரம் செடிகளுக்கு அடியில் மண்ணை மூட மரச்சில்லு மல்ச் பரப்பியிருப்பீர்கள், அதில்தான் அது குடியிருக்கிறது. ஆர்ட்டிலரி ஃபங்கஸ் என்பார்கள். ஈரமான மரச்சில்லைத் தின்று வளர்ந்து, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குளிர்ந்த ஈர நாட்களில் தன் வித்துப் பொதியை வெளிச்சம் தெரியும் பக்கம் சுண்டி எறியும், அது 15 அடிக்கு மேலும் போகும். நேர் வெயில் விழாத இடத்தில் வெள்ளைச் சுவர்தான் பளிச்சென்று இருக்கும் என்பதால் வடக்குப் பக்கச் சுவரும் வெளிர்நிறக் காரும் அதிகம் மாட்டும்.

பிளீச்சில் போயிருந்தால் சாதாரணப் பாசி, பூசணம் என்று விட்டுவிடலாம். உங்களுடையது போகவில்லை. காய்ந்த பொதி பசை போல ஒட்டிவிடும். அதற்காகத் தண்ணீரை இன்னும் வேகமாக அடித்தால் சைடிங்குக்குப் பின்னால் நீர் புகுந்து உள்ளே இருக்கும் மரப்பலகை நனையும், அப்போது நிஜமாகவே பூசணம் பிடிக்கும். இந்த ஒப்பந்தக்காரர்கள் அதைச் சொல்வதே இல்லை. சுவருக்கு அடிக்கும் எந்த மருந்தும் ஒட்டிய புள்ளியை எடுக்காது, மல்ச்சிலிருந்து வரும் அடுத்த புள்ளியையும் தடுக்காது. எழுத்தில் உத்தரவாதம் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

செய்ய வேண்டியது, சுவரோரத்து மல்ச்சை அள்ளி எறிந்துவிட்டுச் சரளைக்கல் கொட்டுவதுதான். மல்ச் இருந்தே ஆக வேண்டும் என்றால் பெரிய துண்டுகளாக வரும் பைன் பட்டை வாங்கலாம். பெரிய துண்டுகள் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் 'பைன்' என்று எழுதிய மூட்டையில் பொடியாக அரைத்த மரம்தான் பெரும்பாலும் இருக்கும். துண்டு பெரிதாக இருந்தால் சீக்கிரம் உலரும், பூஞ்சைக்குப் பிடிக்காது. பொடியாக அரைத்தது ஈரத்தைப் பிடித்து வைக்கும். கறுப்பு, சிவப்புச் சாயம் போட்டதற்கும் இதேதான், சாயம் பூஞ்சையைத் தடுக்காது. பழைய மல்ச்சை எடுக்கவே முடியாதவர்கள் காளான் வளர்த்து முடித்த உரத்தை அதில் 40 சதவீதமாவது கலக்கலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சோதித்துச் சொன்ன வழி இது.

இவ்வளவு தெரிந்தும் மூட்டையில் ஒரு வரி எச்சரிக்கை பார்ப்பது அபூர்வம். பல எச்ஓஏக்கள் (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கங்கள்) வருடா வருடம் புது மல்ச் போடச் சொல்லி நோட்டீஸ் அனுப்புகின்றன, சைடிங் பாழானால் இன்ஷூரன்ஸ்காரர் பூஞ்சை என்றதும் பெரும்பாலும் கைவிரிக்கிறார், செலவு முழுக்க வீட்டுக்காரர் தலையில். கோபம் வருகிறது. உங்களுக்கும் எச்ஓஏ இருந்தால் படத்தோடு எழுதிக் கல் போட அனுமதி வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது.

ஒட்டியிருக்கும் புள்ளிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். பழுப்புத் தடம் நிற்கும். புதிதாக விழுந்தவை கொஞ்சம் எளிதாக வரும். சைடிங்கை மாற்றும் எண்ணம் இருந்தால், மல்ச்சை எடுத்து ஒரு வசந்தமும் ஒரு இலையுதிர் காலமும் புதுப் புள்ளி விழாமல் கழியட்டும், அதற்கு முன் ஒரு பலகைகூட வாங்காதீர்கள்.